தனது ஃபண்டில் கட்டிய ஆர்ச்

வலது கையைத்தான் தூக்கினேன். கண்ணாடி வளையல் இரண்டும் சரிந்து முழங்கைப் பக்கம் போய் நின்றன. கவுன்சில் ஹாலில் மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கேன்டீனில் பருப்புவடை போடும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. காலையில் சாப்பிடாமல் கிளம்பியதால் பாதிக் கவனம் வடையில்தான் இருந்தது.

மீதிக் கவனத்தோடு, ஊர் எல்லையில் ஒரு ஆர்ச் கட்டுவதற்கு ஆதரவாகக் கை தூக்கினேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டு சமம். நடுவில் சுயேச்சையாக ஜெயித்து வந்தவள் நான் ஒருத்தி. என் கை எந்தப் பக்கத்துக்கு உயர்கிறதோ அந்தப் பக்கம் முடிவு.

போன வாரம் இந்தத் தொடரில், தேர்தலில் ஜெயித்த கதையோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர் போனில் கூப்பிட்டு, “ஜெயிச்சது சரிங்க, ஜெயிச்சு என்ன கிழிச்சீங்க?” என்று கேட்டார். கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். கிழித்ததைச் சொல்கிறேன்.

எந்த ஊர், எந்த நகரசபை என்று மட்டும் கேட்காதீர்கள். வாளையார் செக்போஸ்ட்டில் நின்று கிளம்பி பாலக்காட்டுப் பக்கம் போகிற லாரிகள் எங்கள் ஊரையும் தாண்டித்தான் போகின்றன. அவ்வளவு தெரிந்தால் போதும். சேர்மன் பெயரையும் எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. அவர் செய்தது தப்பா, நான் செய்தது தப்பா என்று எனக்கே இன்றுவரை குழப்பமாக இருக்கிறது.

மூன்று நாள் படிப்பு

நான் படித்தது முழுக்கத் தமிழ் மீடியம். கேரளாவில் பிறந்து கேரளாவில் வளர்ந்தவள்தான். மலையாளம் பேசுவேன், சீரியல் பார்ப்பேன், சண்டையும் போடுவேன். ஆனால் ஆபீஸ் மலையாளம் வேறு. எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கம் திருப்பிவிடுவார்கள்.

ஜெயித்த புதிதில் எங்களை எல்லாம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல சாப்பாடு, மதியம் மீன் குழம்பு. வகுப்பு எடுத்தவர் கண்ணாடி போட்ட வயதானவர். அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வந்த வார்த்தை ‘தனது ஃபண்ட்’. கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கி ‘தனத்’ என்பார். பலகையிலும் மலையாளத்தில் அதையே எழுதிப் போட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். த, ன, து. அப்பாடா, தமிழ் வார்த்தை ஒன்று கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

நமக்குத் தனது என்றால் தன்னுடையது. ‘அவர் தனது வீட்டுக்குப் போனார்’ என்றால் அவருடைய வீட்டுக்குப் போனார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“தனது ஃபண்டைப் பெருக்குவது ஒவ்வொரு சேர்மனின் கடமை” என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடை போட்டு, மைக் வைத்து, இப்படியா பச்சையாகச் சொல்வார்கள்? பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நானும் எழுதினேன். “சேர்மன் தனது ஃபண்டைப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.” அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அடுத்த நாள் அவர், “அவசரமாக ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டுமென்றால் சேர்மன் தனது ஃபண்டில் இருந்து எடுத்துச் செய்யலாம்” என்றார். அப்போதுதான் எனக்குச் சமாதானம் ஆயிற்று. சம்பாதிக்கவும் சொல்கிறார்கள், ஊருக்குச் செலவு பண்ணவும் சொல்கிறார்கள், பெரிய மனசுக்காரர்களைத்தான் சேர்மனாக வைக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அவர் லாரி மெக்கானிக். “நம்ம சேர்மன் கைக்காசு போடறாரா? என்ற காதை நானே நம்பமாட்டேன் சாந்தாமணி” என்றார். நான் அவரைத் திட்டினேன். நல்லவர்களை நம்பாத ஆள் என்றேன்.

மோட்டார்

வெயில் ஏறத் தொடங்கிய சமயம் எங்கள் வார்டு போர்வெல் மோட்டார் புகைந்து நின்றது. அந்த ஒரு மோட்டாரை நம்பித்தான் எங்கள் தெருக் குழாய்கள் எல்லாம். ஹைவேக்கு அக்கட்ட, எதிர்ப்புறம் உள்ள பக்கத்து வார்டுக் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு லாரிகளுக்கு நடுவே குடத்தோடு ரோட்டைத் தாண்ட வேண்டும்.

எல்லோரையும் விட அதிகம் தாண்டியவர் மரகதக்கா. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். வீட்டிலேயே மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு விற்கிறவர். ஊற வைக்க, கழுவ, ஆட்ட, கிரைண்டரை அலச என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான். மாவு விற்றால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது.

சேர்மன் அறைக்குப் போய்ச் சொன்னேன். கோயமுத்தூர் காலேஜில் படித்த மலையாளி அவர். நன்றாகத் தமிழ் பேசுவார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டீ வரவழைத்தார்.

“மோட்டார்தானே அக்கா. தனது ஃபண்டுல வச்சுப் பண்ணிடலாம். கொஞ்சம் பொறுங்க” என்றார்.

என் வார்டு ஜனத்துக்காக ஒரு மனிதர் கைக்காசைப் போடுகிறேன் என்கிறார். அடுத்த நாளே எங்கள் மரத்து மாங்காய் ஒரு பை பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நான் செய்த பெரிய தப்பு. மறுபடி கேட்கவே இல்லை. சர்க்கார் பணம் என்றால் தினமும் போய் நின்றிருப்பேன், சத்தம் போட்டிருப்பேன். ஒருத்தரின் சொந்தக் காசை எப்படி இரண்டாம் தரம் கேட்பது? எங்கள் பக்கம் அது மரியாதை இல்லை. குடத்தோடு வந்து கேட்ட பெண்களிடமும் அதையே சொன்னேன்.

“கைக்காசு போட்டுச் செய்யறேங்கறாருங்க. அவசரப்படுத்தினா நல்லாருக்காதுங்க” என்றேன்.

பாவம், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் போனது. அப்புறம் இன்னொரு மாதம்.

கை தூக்கிய கதை

இந்த நிலையில்தான் அந்த மீட்டிங். ஆர்ச் ஊர் எல்லையில், ஹைவே ஓரம். சேர்மனின் காலஞ்சென்ற அப்பா பெயரில். வேலையை முன்னாலேயே தொடங்கிவிட்டு, கவுன்சிலின் சம்மதத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் அதிகாரம் சேர்மனுக்கு உண்டாம். அதனால் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, கம்பி கட்டியும் ஆகிவிட்டது. கவுன்சில் ஆமாம் போட வேண்டியதுதான் பாக்கி.

எதிர்க்கட்சி கவுன்சிலர் வத்சலா எழுந்து மேஜையைத் தட்டினார். தனது ஃபண்டை எடுத்து அப்பாவுக்கு ஆர்ச்சா என்று கேட்டார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. மைக்கை இழுத்தேன். எனக்கு ஆபீஸ் மலையாளம் வராது, அதனால் தமிழிலேயே பேசினேன்.

“ஏனுங்க, ஒருத்தரு தன்ற காசுல தன்ற அப்பனுக்கு ஆர்ச் கட்டினா உங்களுக்கு ஏனுங்க வயிறு எரியுது? அவரு காசு, அவரு அப்பன். நாம ஆருங்க கேக்கறதுக்கு?”

ஹாலில் ஒரு பக்கம் கைதட்டினார்கள், மறுபக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வத்சலா கூடச் சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேர்மனைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்து போயிருந்தது. கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தார். எதையோ சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தார். ஓட்டுக்கு விட்டார். நான் கையைத் தூக்கினேன்.

கீழே வடை சாப்பிடும்போது வத்சலா பக்கத்தில் வந்தார். “சேச்சி, தமாஷ் பறஞ்ஞதாணோ?” என்றார். தமாஷுக்குச் சொன்னீர்களா என்று கேட்கிறார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் சும்மா தலையாட்டி வைத்தேன். தமாஷ் பண்ணிவிட்டு எதற்கு அவருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவர் எத்தனை நாள் குழம்பினாரோ தெரியாது.

ஜல்லி

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலையில் மரகதக்கா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டியிருக்கிறார். சிமெண்டு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வர, ஓரமாக ஒதுங்கியவர் ஆர்ச்சுக்குக் கொட்டிய ஜல்லியில் சறுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து போயிற்று.

நான் போய்ப் பார்த்தபோது மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் கவிழ்த்து வைத்திருந்தது. ஊறப்போட்ட அரிசி அண்டாவிலேயே புளித்து, வீடெல்லாம் நாற்றம். அதைத் தூக்கிக் கொட்டக்கூட அவருக்குக் கை இல்லை.

“மோட்டார் என்னாச்சுன்னு கேக்கட்டுங்களா அக்கா?” என்றேன்.

“வேண்டாம் அம்மிணி. கைக்காசு போட்டுச் செய்யற மனுசன். நாம நெருக்கினா நல்லாருக்காதுன்னு நீதான சொன்னெ” என்றார்.

என் வார்த்தைதான். அப்படியே திருப்பிச் சொன்னார். அதில் கேலி இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

அண்டாவை நானே கொட்டிக் கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று நகரசபைக்கு நடந்தேன்.

செல்வராஜ் பேனாவைக் கீழே வைத்தது

ஆபீஸில் தமிழ் மனுக்களைப் பார்க்கிற கிளார்க் செல்வராஜ். தேவிகுளத்துக்காரர். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, படித்து, சர்க்கார் வேலைக்கு வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குச் சிரிப்பு, அவர் பேச்சு எங்களுக்குச் சிரிப்பு.

விஷயத்தைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“குடுக்கலாம்க்கா. தனது ஃபண்டுல இருந்துதேன் குடுக்கணும். ஆனா அது இப்பக் காலியாக் கெடக்கு. ஆர்ச்சு அம்புட்டையும் முழுங்கிருச்சு.”

“அடக் கடவுளே, காலியாப் போச்சுங்களா? பாவம்ங்க அந்த மனுசன். கடன்கிடன் வாங்கிட்டாரா?” என்றேன்.

செல்வராஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருக்கா கடன் வாங்குறது?”

“சேர்மன்தானுங்க. அவரு காசெல்லாம் இப்படிப் போச்சுன்னா ஊட்டுல கேக்கமாட்டாங்களா?”

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யக்கா, நீங்க இம்புட்டு நாளும் என்ன நெனச்சிட்டு இருந்தீக? தனதுன்னா அவரோடது இல்லக்கா. நகரசபையோட சொந்த வருமானம். வீட்டு வரி, கடை வாடகை, லைசென்ஸ் பணம் எல்லாம் சேர்ந்தது. கவருமெண்டு குடுக்குறது வேற, இது நாமளே ஊர்ல வசூல் பண்ணுறது. போன மாசம் நீங்க கட்டுன வரியும் இதுலதேன் கெடந்துச்சு. அந்த மாவுக்காரம்மா கட்டுனதும்.”

மாங்காய் ஞாபகம் வந்தது. ஒரு பை மாங்காய். எங்கள் காசில் எங்களுக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு, செய்யாததற்கு, நான் மாங்காய் கொடுத்திருக்கிறேன். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

“அந்த ஆர்ச்சு கான்டிராக்டு யாருன்னு தெரியும்லக்கா?” என்று மெதுவாகக் கேட்டார் செல்வராஜ். “சேர்மனோட மச்சினன்.”

நான் எப்போ சொன்னேன்?

நேரே சேர்மன் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. அவர் போனில் இருந்தார். உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். உட்காரவில்லை.

“உங்க காசுன்னு சொன்னீங்களே, அது எங்க காசாமுங்க?” என்றேன்.

போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அக்கா, நான் எப்போ என்னோட காசுன்னு சொன்னேன்? தனது ஃபண்டுன்னுதானே சொன்னேன்?”

அவர் சொன்னது உண்மை. ஒரு தடவை கூட என் காசு என்று அவர் சொன்னதில்லை.

“சரிங்க. அன்னிக்கு மீட்டிங்குல நான் பேசினேனே. அவரு காசு, அவரு அப்பன்னு. உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. நான் தப்பா நெனச்சுட்டு இருக்கறேன்னு அப்பப் புரிஞ்சுதா இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டினார். ஜன்னல் வழியாக லாரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நீங்க என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன் அக்கா. எல்லாரும் சிரிச்சாங்களே. எனக்கும் மனசு சங்கடமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நீங்களே கை தூக்கினீங்க. எனக்கு ஒண்ணும் புரியலை.”

அவர் கண் கலங்கியிருந்ததா, அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா? வெளியே வந்து படியில் உட்கார்ந்து யோசித்தேன். முகம் சிவந்தது கிண்டலுக்காகவா, பிடிபட்டோம் என்றா? மச்சினனுக்குக் கான்டிராக்ட் கொடுத்த மனுஷன் பொய் சொல்லமாட்டாரா? என் நினைப்பு அவருக்குத் தெரியாது என்றால் மாங்காயை எதற்கு அத்தனை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்? எத்தனை தடவை யோசித்தாலும் வேறு வேறு விடை வருகிறது.

விளக்கம்

வத்சலா விடவில்லை. புகார் கொடுத்தார். மேலிருந்து ஆடிட் வந்தது. ஆர்ச்சுக்கு ஏன் ஆதரவு தந்தீர்கள் என்று விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கடிதம் வந்தது. எங்கள் பக்கம் தமிழில் எழுதிக்கொடுக்க உரிமை உண்டு. செல்வராஜ் தங்கை கல்யாணத்துக்கு மூணாறு போயிருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. பாரத்தை இறக்கிவைக்க வேண்டும் போல் இருந்தது.

ஒரு பக்கம் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: “இந்த ஆர்ச்சை சேர்மன் தனது ஃபண்டில் இருந்துதான் கட்டுகிறார் என்று முழுமனதாக நம்பியே கை தூக்கினேன். இதுதான் உண்மை.” பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, எது வந்தாலும் வரட்டும் என்று இருந்தேன். பதவி போனாலும் சரி என்றுதான் நினைத்தேன்.

பதில் வந்தது. அங்கே யாரோ அதை மலையாளத்தில் பெயர்த்து எழுதிப் பார்த்திருக்கிறார்கள். செல்வராஜ்தான் எனக்குப் படித்துச் சொன்னார். ஆர்ச் செலவு தனது ஃபண்டில் இருந்து செய்யப்பட்டது என்று உறுப்பினர் கூறுவது பதிவேடுகளோடு சரியாக ஒத்துப்போகிறது. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“யக்கா,” என்றார் செல்வராஜ், காகிதத்தைப் பார்த்தபடியே, “நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு எழுதுனீக. அவுக அதையே சரின்னு எடுத்துக்கிட்டாக.”

அது மட்டுமில்லை. கட்சி சாராத உறுப்பினரே ஒப்புக்கொண்டிருக்கிறார், செலவு முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று சேர்மன் தரப்பில் என் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை என்கிறார்கள். வராந்தாவில் எதிர்ப்பட்டபோது சேர்மன் கைகூப்பி, “ரொம்ப தேங்க்ஸ் அக்கா” என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியாது.

பத்து மணி

மரகதக்காவிடம் அதுவரை நான் சொல்லவே இல்லை. வெட்கம். அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலையில் ரோட்டோரம் அவரைப் பார்த்தேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கை இன்னும் மடங்கவில்லை. இடது கையில் ஒற்றைக் குடத்தோடு, லாரிகள் போக வழி பார்த்து ஆர்ச்சுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். ஆர்ச் நன்றாகத்தான் வந்திருக்கிறது. பெயர் தங்க நிறத்தில் மின்னுகிறது.

அங்கேயே நிறுத்திச் சொன்னேன். வார்த்தையைச் சொன்னேன், மாங்காயைச் சொன்னேன், கை தூக்கியதைச் சொன்னேன். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அண்ணாந்து ஆர்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது நம்ம காசா அம்மிணி?”

“ஆமாங்க்கா.”

“அந்த மோட்டாருக்கு வெச்சிருந்ததும் நம்ம காசா?”

“நம்ம காசுதானுங்க்கா. என்னைத் திட்டுங்க.”

“உன்னைத் திட்டி என்ன பண்ண? அவரு காசுன்னுதான் நான் இத்தனை நாளும் வாயை மூடிட்டு இருந்தேன்” என்றார். ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. ரோடு காலியானது. அவர் ரோட்டைத் தாண்டவில்லை. வெறும் குடத்தை இடது இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பினார்.

“அந்த ஆபீசு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?” என்றார்.

“பத்து மணிக்குங்க்கா” என்றேன். சொல்லிவிட்டு, என் குடத்தை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன்.